மதிலுக்கு அப்பால் பூமணி அக்கா

பூமணி அக்கா போய்விட்டார் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னது உறவினர் எவருமல்ல. அவர் வீட்டில் வாடகைக்கு இருந்து படிக்கும் மாத்தறைச் சிங்களப் பிள்ளை நதீஷா. "மாஸ்டர், அக்கா எழும்புறா இல்லை. கெதியா வாங்கோ" என்று மதிலுக்கு மேலால் கூப்பிட்டாள். நான் போனபோது உடல் குளிர்ந்திருந்தது.

அக்காவைத் தெரிந்த உங்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை கொடுக்கிறார்கள். சிங்களப் பிள்ளையையும் புத்தளத்து முஸ்லிம் பிள்ளையையும் ஆய்வுக்கு வந்த யப்பானியப் பெண்ணையும் ஒரே வீட்டில் வைத்திருந்தவர் அவர் மட்டுமே. அதற்கு முதலில் முகம் சுளித்தவன் நான்தான்.

"ஏனக்கா உந்த வில்லங்கம்? எங்கடை பிள்ளையளுக்குக் குடுக்கலாமே?" என்று கேட்டேன்.

அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "உங்கடை மகள் கனடாவிலை ஆரின்ரை வீட்டிலை இருக்கிறா, மாஸ்டர்?"

ஒரு பஞ்சாபி அம்மாவின் வீட்டில். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை. பிறகு அந்த வீட்டுப் பொங்கலும் நோன்புக் கஞ்சியும் மதிலால் வந்தன. வாங்கிச் சாப்பிட்டேன். "நீங்கள் சொன்னது சரி" என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

அக்கா வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வாசல் படலையைத் தாண்டுமுன் "போட்டு வாறன்" என்று, போய்த் திரும்பி வருவேன் என்று, சொல்லவேண்டும். வெறுமனே "போறன்" என்றால் திரும்ப உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, சரியாகச் சொல்லிப் போகவேண்டும். யப்பானியப் பெண் இதனால் இரண்டு தரம் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

செத்தவீட்டன்று நதீஷாவுக்குப் பரீட்சை. புறப்படுமுன் உடலருகே வந்து கும்பிட்டாள். "அக்கா, போட்டு வாறன்" என்றாள்.

கூடியிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். செத்தவீட்டிலிருந்து எவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அக்காவின் மைத்துனர் எழுந்தார். "பிள்ளை, இஞ்சை உப்பிடிச் சொல்லக்கூடாது. தெரியாதே?"

அவள் கண் கலங்கி என்னைப் பார்த்தாள்.

"சொல்லாமல் போறது வந்த சனம்" என்றேன். "இவள் இந்த வீட்டுப் பிள்ளை. பின்னேரம் திரும்பி வருவாள்."

மைத்துனர் திரும்ப அமர்ந்துவிட்டார். அக்கா உயிரோடிருக்கும்போதே அவர் காதில் விழவேண்டிய பேச்சு அது. வெட்கமாக இருந்தது, அழுதேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் எடுத்தால், போனைப் பஞ்சாபி அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறேன். இருவருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொள்கிறோம். அக்கா எனக்கு வைத்துவிட்டுப் போனது அதுதான்.