பிரம்புக்குக் குறுக்கே பாய்ந்த கஸ்தூரி சிஸ்டர்

திண்டிவனம் சாலையில் மணல் லாரி மோதி கஸ்தூரி சிஸ்டர் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, செஞ்சிக் கடைவீதியில் எங்கள் பாத்திரக் கடையை அப்போதுதான் திறந்திருந்தோம். சக்கரம் அவர் மார்பின்மேல் ஏறியிருந்தது. என் கணவர் ஷட்டரை இழுத்து மூடினார்.

மார்பகப் புற்றுக்கு எனக்குக் கீமோ மருந்து ஏற்றிய செவிலியர் அவர். சிகிச்சையின் நடுவில் எனக்கு மறதி வந்தது. கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தேன். தினமும் நடந்த கடைவீதியில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றேன். பேய் பிடித்துவிட்டதென்று கணவர் என்னை அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு பூசாரியிடம் கொண்டுபோனார்.

பேயோட்டுகிறவன் முதலில் முடியைத்தான் பிடிப்பான். என் தலையில் முடி இல்லை, கழுத்தைப் பிடித்தான். "வெளிய வாடி!" என்று கத்திக் கத்தி அடித்தான். முதுகிலும், அறுத்துத் தைத்திருந்த மார்பிலும் பிரம்பு விழுந்தது.

ரத்தப் பரிசோதனைக்கு நான் வராததால் சிஸ்டர் கணவருக்குப் போன் செய்திருக்கிறார். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். என்மீது ஓங்கிய பிரம்பு, குறுக்கே பாய்ந்த அவர் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் வழிய வழிய அதைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து ஒடித்தார்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. மருந்து பண்ற வேலை இது. உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்ல. இந்தக் காயத்துல சீழ் வச்சா செத்துடுவாங்க. அப்புறம் யாரை அடிப்பீங்க?"

கணவர் கைகூப்பினார். "இன்னா செய்யணும், சொல்லுங்க சிஸ்டர்."

புருவத்தில் தையலோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஒரு நேரத்துல ஒரு வேலைதான். அடுப்புல பால் இருக்குதுன்னா போனைத் தொடாதீங்க. மறந்தா டென்ஷன் ஆவாதீங்க" என்றார். மாலையில் கோட்டை அடிவாரம்வரை எங்கள் இருவரையும் நடக்கவைத்தார். சரியாகத் தூங்கினேனா என்று போனில் விசாரிப்பார். மெல்ல மெல்லத் தெளிந்தேன்.

அதன்பின் எந்தப் பெண்ணுக்கும் முதல் மருந்து ஏற்றும் முன்பே குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினார். "மறதி வரலாம். இப்பவே நடந்து பழகட்டும், தூங்கவிடுங்க. மீறி வந்துட்டா கை ஓங்காதீங்க; எனக்கு போன் பண்ணுங்க." வார்டிலேயே மனைவியை அறைந்த ஒருவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியதும் உண்டு.

சிஸ்டரின் ஊரான வல்லத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். இன்னும் சிகிச்சையில் இருக்கும் ஒரு பெண், தலையில் முக்காட்டோடு, மார்பில் அறைந்துகொண்டு ஓடிவந்தார். பெயர் சொல்லி அழ வாய் திறந்தார், பெயர் வரவில்லை. "சிஸ்டர் பேரு... பேரு இன்னா?" என்று தவித்தார். அவர் கணவர் பதறாமல் குனிந்து, மனைவியின் காதில் மெதுவாகச் சொன்னார்: "கஸ்தூரி."

அந்தப் பெண் அலறினார். நாங்களும் சேர்ந்து உங்கள் பெயரைச் சொல்லி அழைத்தோம், சிஸ்டர். அமைதியாகப் போய்வாருங்கள்.