கேள்விக்குறிகளாக வந்த வரி: சபேட்டோவில் ஒரு வெள்ளிக்கிழமை

சிட்னியில் அலுவலக வேலை முடிந்தும் ஐந்து நாள் விடுப்பு மிச்சமிருந்தது. ஜூலையில் ஃபிஜியில் மழையும் புழுக்கமும் குறைவு என்றார்கள், கிளம்பிவிட்டேன். நான்கு மணி நேரப் பயணம். வியாழன் பிற்பகல் 2.40க்கு நாடி விமான நிலையத்தில் இறங்கி, அன்று ஊரின் மார்டின்டார் பகுதியில் தங்கினேன். ஓட்டல், கடை எல்லாம் ஒரே சாலையில் இருப்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு அதுவே வசதி. மறுநாள் காலை சபேட்டோ பள்ளத்தாக்குக்கு டாக்சி: 14 கிலோமீட்டர், 22 ஃபிஜி டாலர்.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நான் பதிவு செய்திருந்த வீடு சரஸ்வதியுடையது. ஐம்பதை நெருங்கும் வயது. விமான நிலையத்தில் செக்-இன் கவுன்ட்டர் வேலை. கூடவே இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்.

"பூலா தம்பி! என்னா வேல பாக்குற?" என்று ஃபிஜி வணக்கத்தோடு வரவேற்றார்.

சாஃப்ட்வேர் என்றேன்.

"அச்சா! அப்ப பைய வச்சிட்டு ஒக்காரு. ஒரு ஒதவி வேணும், ஒங் கால பிடிக்காத கொறதான்."

மறுநாள், சனிக்கிழமை, பதினொரு மணிக்கு அவருடைய ஐந்தாம் வகுப்புத் தோழர்கள் நாடியில் தங்கள் பழைய பள்ளியில் கூடுகிறார்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்த வகுப்பில் பாதி காலியானது. இரண்டாயிரத்தில் மறுபடி ஆட்சி கவிழ்ந்தபோது இன்னும் சிலர் போனார்கள். வீட்டில் எல்லோரும் பேசியது ஃபிஜி இந்தி. தமிழ் அந்த வகுப்பில் சேர்ந்து படித்தது. அதனால் ஒவ்வொருவரும் பெயரோடு தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். சிட்னி, வான்கூவர், ஆக்லாந்து என ஊருக்கு ஒரு ஃபைல். அவற்றிலிருந்து பெயரட்டை தயாரிக்க, மூன்று மாதம் இணையத்தில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்று, தானே ஒரு சிறு நிரல் எழுதியிருந்தார் சரஸ்வதி.

திரையில் வந்ததோ தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகளின் குப்பை.

"இது தமிழா தம்பி? மொதல்ல எர்ரர் வந்திச்சு. நெட்ல பாத்து ஒரு வார்த்த போட்டேன், எர்ரர் போயிடிச்சு, எழுத்தும் போயிடிச்சு!"

அவர் போட்டது errors="ignore", அதாவது படிக்க முடியாததை விட்டுவிடு என்ற கட்டளை. விண்டோஸ் தன் பழைய ஆங்கில முறையில் ஃபைலைப் படித்திருக்கிறது. அந்த முறையில் நம் மெய்யெழுத்துப் புள்ளிக்குரிய பைட்டுக்கு இடமே கிடையாது. அங்கேதான் முதலில் முட்டி நின்றிருக்கிறது. அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள முறையான encoding="utf-8" என்று போடச் சொன்னேன். அவரே தட்டினார். சிட்னி வந்தது. வான்கூவர் வந்தது. ஒரு வரியை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

ஆக்லாந்து ஃபைலில் ஒரே ஆள்தான். ஆங்கிலத்தில் 'பாத்திமா' என்றிருந்தது. பக்கத்தில் வெறும் கேள்விக்குறிகள்.

"இதயும் சரி பண்ணு."

"முடியாதுக்கா. மத்ததுல எழுத்து பத்திரமா இருந்துது, நாமதான் தப்பாப் படிச்சோம். இத சேமிக்கும்போதே கேள்விக்குறியா மாத்திட்டாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. அவங்களத்தான் கேக்கணும்."

சரஸ்வதி எழுந்துபோய் டீ போட்டார். திரும்பி வந்துதான் சொன்னார்: ஒரே பெஞ்சுத் தோழி. இரண்டாயிரத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. போன மாதம் வந்த இந்த ஃபைல்தான் முதல் தகவல்.

ஜூலையில் ஃபிஜிக்கும் ஆக்லாந்துக்கும் ஒரே நேரம். ஃபைலோடு வந்திருந்த எண்ணைப் பிற்பகல் 3.10க்குக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில், எனக்கும் புரியத் தமிழிலேயே.

"பாத்திமா? சரஸ். நீ என்னா எழுதின? எனக்கு வெறும் கேள்விக்குறிதான் வந்திச்சு."

"படிக்கலயா நீ? பதிலே காணோம், நீ என்ன வேணான்னுட்டன்னு நெனச்சேன். 'சொல்லாம போனது தப்பு. வந்தா உள்ள விடுவியா?' அதான் எழுதினேன்."

"அட்டையில அவ்ளோ எடமில்ல. நேர்ல வந்து சொல்லு."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, வந்த பட்டியல எக்செல்ல தொறந்தா அதுவும் குப்பையாதான் தெரியுது," என்றார். நிரல் எழுதித் தரும் ஃபைலுக்கு, எக்செல்லுக்கு அடையாளம் காட்டும் utf-8-sig போட்டோம், அதுவும் தீர்ந்தது.

சனிக்கிழமை காலை விமானத்தில் பாத்திமா வந்துவிட்டார். மூன்று மணி நேரப் பயணம்தான் அது. பள்ளியில் என்னையும் சாப்பிட உட்கார்த்தினார்கள். எல்லோர் அட்டையிலும் தமிழ் வரி இருந்தது, அவருடையதில் மட்டும் பெயரோடு சரி. அவரும் சரஸ்வதியும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, யார் முதலில் பேசாமல் போனது என்று இந்தியில் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

போகிறவர்களுக்கு: சபேட்டோவுக்குப் பேருந்தும் உண்டு, ஞாயிறன்று குறைவு. ஜூலையில் காலையில் மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும். தமிழ் ஃபைலைத் திறக்கும்போதும் எழுதும்போதும் எந்த எழுத்துமுறை (encoding) என்று நீங்களே சொல்லிவிடுங்கள். குப்பையாக வந்தால் பயம் வேண்டாம், பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாக வந்தால் கணினியோடு மல்லுக்கட்டாமல் அனுப்பியவருக்குப் போன் செய்யுங்கள். அவர் ஒரு மாதமாக உங்கள் பதிலுக்குக் காத்திருக்கலாம்.