அப்பாவின் ஏர்கோன்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் ஏர்கோன் வைத்த கார் அப்பாவுடையது ஒன்றுதான். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய பழைய வண்டி. ஆனாலும் அதைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு குறை சொல்லிவிட முடியாது. கண்ணாடிகளை ஏற்றி, ஏர்கோனை முழுக் குளிருக்குத் திருகி வைத்த பிறகுதான் தெருவில் இறக்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் பெரியம்மா வீட்டில் வைத்து மாப்பிள்ளை வீட்டார் அத்தையைப் பார்ப்பதாக ஏற்பாடு. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அதுவரை வந்து பார்த்தவர்கள் எல்லாரும் 'யோசித்துச் சொல்கிறோம்' என்று போனவர்கள்தாம், இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் அப்பா தாங்கமாட்டார் என்பது அந்த வயதில் எனக்கே தெரியும்.

கிளம்பும்போது ஜில்லென்றுதான் இருந்தது. பாதி வழியில் காற்று மெலிந்து, பிறகு பேருக்கு வந்தது. அத்தையின் பவுடர் கோடு கோடாக இறங்கியது. கண்ணாடியை இறக்கச் சொன்னார் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய் நிற்பதா? அப்பா அசையவில்லை. கேஸ் தீர்ந்திருக்கும் என்றார்.

"கேஸ் இல்ல அண்ணே. கொஞ்ச நேரம் நிறுத்திட்டுப் போட்டா மறுபடி நல்லா வருதே. உள்ளே ஐஸ் கட்டி அடைக்குது. குளிரைக் குறைச்சு வைங்க."

"நீ பேசாம வா லா. முகத்தைத் துடை."

பெரியம்மா வீட்டு வாசலில் எல்லாரும் இறங்கி உள்ளே போனார்கள். முன்பே வந்திருந்து, வரவேற்க வெளியே வந்த மாப்பிள்ளை மட்டும் வண்டிக்கடியில் சொட்டிய தண்ணீரைப் பார்த்து நின்றார். ரேடியேட்டர் ஒழுகுகிறதா என்று கேட்டார். அத்தை திரும்பி வந்து ஐஸ் கதையைச் சொன்னாள். "அப்ப குளிரைப் பாதியில வச்சு ஓட்டிப் பார்த்துடலாமே," என்றார் அவர்.

அவர்கள் இருவருக்கும் துணைக்கு என்னைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டார் பெரியம்மா. கிள்ளானை மூன்று சுற்று சுற்றினோம். கடைசிவரை குளிர் குறையவேயில்லை. பவுடர் கலைந்த முகத்தோடு அத்தை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். காரியம் கெட்டது என்று எனக்கு அழுகையே வந்தது. வீட்டில் தேத்தண்ணி ஆறிப்போய்ப் பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றுதான் இவர்களும் அனுப்பினார்கள்.

அந்த வாரம் முழுக்க அப்பா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அத்தையோ வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஏதாவது பாட்டை முணுமுணுத்தாள். அதை அப்பா கவனித்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு காஜாங் வரை ஓட்டினார். ஏர்கோன் பாதியில்தான் இருந்தது. போக வர நான் பல் கிட்டிக்க நடுங்கினேன். வீட்டுக்கு வந்ததும் நேரே போனை எடுத்துக் கிள்ளான் மாப்பிள்ளைக்கு அடித்தார்.

"தம்பி, அந்த ஏர்கோன் மறுபடி சரியில்ல. நாளைக்குக் கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா?"

தன் வண்டியை அவரே குறை சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் இப்படி ஒரு பச்சைப் பொய். "நல்லாத்தானே குளிருது அப்பா," என்றேன் உரக்க.

அவர் என் வாயைப் பொத்தினார். அந்தக் கை இன்னும் சில்லென்றே இருந்தது.