ஊசிக்கு அசையாதவள்

மலாயாவில் காப்பார் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பவுனம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கோபக்காரி வீடு எது என்று கேட்டால் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகூட அவள் கதவைக் காட்டும். கோபப்பட ஆள் கிடைக்காத நாளில் ஈர விறகைத் திட்டுவாள், ஒழுகும் கூரையைத் திட்டுவாள், தன்னைக் கப்பலேற்றிவிட்ட சித்தப்பனை ஊர் பேரோடு இழுத்து வைத்துத் திட்டுவாள். அழுது மட்டும் யாரும் பார்த்ததில்லை. புருஷன் மலேரியாக் காய்ச்சலில் செத்தபோதுகூட, மருந்தை மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தவர்களைத் திட்டியபடியேதான் பாடையை வாசலிலிருந்து அனுப்பிவைத்தாள்.

அவளுக்கென்று மிஞ்சியது ஒரே மகள், இராஜம்மா. ஆறு வயது. அந்தப் பிள்ளையைத் தவிர மலாயா நாட்டில் அவளுக்கு என்ன இருந்தது? ஒன்றும் கிடையாது. முப்பத்தொன்றாம் வருஷம் அந்தப் பிள்ளையையும் அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். அதற்குக் காரணம் அவளுடைய மூக்கு.

தோட்டத்து ரப்பர் ஆலையை எல்லாரும் ஸ்டோர் என்பார்கள். பவுனம்மாளுக்கு அங்கேதான் வேலை. மரத்திலிருந்து வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்து அதில் கலக்க வேண்டும். கலந்த கையோடு குனிந்து நுரையை வழித்தெடுக்க வேண்டும். நுரை நின்றால் ரப்பர் தகட்டில் குமிழி விழும், துரைக்குக் கோபம் வரும். துரையின் கோபத்துக்கு உள்ள மரியாதை பவுனம்மாள் மூக்குக்குக் கிடையாது. தகரக் கூரை தலையில் இடிக்கும் அந்த அறையில் இருந்தது ஒரே ஜன்னல். சாரல் அடிக்கிறது என்று அதையும் பலகை வைத்து அடித்துவிட்டார்கள். ஆசிட் ஆவி போக இடமில்லாமல் அவள் மூக்குக்குள் போயிற்று.

முதல் மாதம் மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு வேலை செய்தாள். பிறகு உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டது; வாயால்தான் மூச்சு. அதற்குப் பிறகு வந்தது தண்ணீர் இல்லை, மஞ்சளாகக் கெட்டிச் சளி. மஞ்சள் பச்சையாயிற்று, ரத்தக் கோடும் சேர்ந்தது. வலது கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனத்தது. குனிந்தால் கன்னம் வெடித்துவிடும்போல் இருக்கும். அவள் வேலையோ நாள் முழுக்கக் குனிகிற வேலை.

நாற்றம் வேறு. அது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத்தான் மல்லிகையும் மலமும் ஒன்றாகிப் பல நாள் ஆயிற்றே. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பார்களே, அன்றைக்கு அவள் கோபத்துக்கு அங்கே நிற்கக்கூட இடமில்லை.

தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு மூன்று தடவை போனாள். மாதத்துக்கு ஒருநாள் டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் அங்கே புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரசர் ஜெயராஜ்தான் டாக்டர், கடவுள் எல்லாம். வெள்ளைக் காற்சட்டை, தேய்த்த சட்டை, பையில் பென்சில். முதல் தடவை கசப்புத் தண்ணீர் கொடுத்தார். இரண்டாம் தடவை தைலம் கொடுத்தார். மூன்றாம் தடவை புத்தி கொடுத்தார்.

"எண்ணெய் தேய்ச்சுத் தலைக்குக் குளிக்காத. நீர் கோத்திருக்கு."

"தலைக்குக் குளிச்சு ரெண்டு மாசம் ஆச்சுங்கய்யா. அந்த ஆசிட்டுதான் ஒத்துக்கல. வெளிவேலைக்கு மாத்தி எழுதிக் குடுங்க."

"உன் மூக்குக்காகத் தோட்டத்தையே மாத்தணுமா?"

"தோட்டத்த மாத்தச் சொல்லல. அடைச்ச ஜன்னலத் தொறக்கச் சொல்லுங்க. அதுக்குக்கூட வக்கில்லாத மருந்துக் கொட்டகை எதுக்கு?"

அந்தக் கடைசி வார்த்தை ஜெயராஜுக்குச் சுருக்கென்று தைத்தது. கொட்டகைக்கு வெளியே பத்துப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் குஷ்டரோகி யாரும் இருந்தால் மறைக்கக் கூடாது என்று சர்க்கார் கடுமை காட்டிய காலம் அது. உப்பிய முகம், நாறும் மூக்கு, ஆசிட் தெறித்து முழங்கை வரை வெளுத்துப்போன தழும்புகள். குழாயடியில் முணுமுணுப்பு கிளம்பியது. அது ஜெயராஜ் காதுக்குப் போன மறுநாள் காலை, பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும் நேரத்தில், இருநூறு பேர் முன்னால் பவுனம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினார். கொட்டகைக்குள் கூப்பிட்டுப் பார்க்க அவருக்கு என்ன கேடு? பார்க்கலாம். ஆனால் அங்கே வேடிக்கை பார்க்க ஆள் இருக்காதே.

"மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு. கைய நீட்டு."

எதற்கு என்று சொல்லவில்லை. பவுனம்மாள் கையை நீட்டினாள். வெளுத்த தழும்பின்மேல் ஊசி இறங்கியது. உயிர் போகிற வலி. அவள் மனசில் ஓடியது ஒன்றுதான்: அன்றைக்கு வாயடிச்சதுக்காக என்னை எல்லார் முன்னாலும் கத்தவைத்து வேடிக்கை பார்க்க நினைக்கிறான் இவன். நான் கத்தினால்தானே? பல்லைக் கடித்துக்கொண்டு மரமாக நின்றாள். இரண்டாவது குத்து. மூன்றாவது குத்து. மூன்றாவதில் ரத்தம் முத்தாகத் திரண்டது. அவள் இமைகூட அசையவில்லை.

"வலிக்குதா?"

"ஒங்க ஊசிக்கெல்லாம் எனக்கு வலிக்காது."

ஜெயராஜ் பென்சிலை எடுத்து எழுதினார். பவுனம்மாள் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். ஜெயித்துவிட்டதாக நினைப்பு. பக்கத்தில் நின்ற கங்காணி நாலடி பின்னால் போனான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் போனார்கள். அவளைச் சுற்றி மண் தெரிந்தது.

"உணர்ச்சி இல்ல. பெருவியாதி," என்றார் ஜெயராஜ்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "ஐயோ, வலிச்சுது! மூணு குத்தும் வலிச்சுது! பொய்யில்ல, வலிச்சுது!" என்று அலறினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"எல்லா பெருவியாதிக்காரனும் இப்படித்தான் சொல்லுவான்," என்றார் அவர். எழுதியது எழுதியதுதான்.

அவள் வீடு போய்ச் சேருமுன்னே இராஜம்மாவை அவள் நாத்தனார் நல்லம்மாள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பவுனம்மாளை மண்வெட்டி போடும் கொட்டகையில் இருக்கச் சொன்னார்கள். சட்டியில் சோற்றைக் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டு ஓடினார்கள். மறுநாள் ரப்பர் ஏற்றிக் கிள்ளானுக்குப் போகும் லோரியில், மூட்டைகளுக்குப் பின்னால் ஏற்றினார்கள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஒரு கையெழுத்து. அதற்கப்புறம் குஷ்டரோகிகளை வைத்திருக்கும் இடம். அங்கே பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. அங்கே போய்த் திரும்பி வந்த ஒருத்தரையும் அவள் பார்த்ததில்லை. பத்து மைல் வழி முழுக்க அவள் ஜெயராஜைத் திட்டவில்லை. தன் வாயைத் திட்டினாள், தன் வீம்பைத் திட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் சண்முகரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து டாக்டர். தோட்டத்துக் காகிதத்தைப் படித்தார். அவள் கண்ணைத் துணியால் கட்டி, பஞ்சு நுனியால் தழும்பைத் தொட்டார். ஊசி இல்லை, வெறும் பஞ்சு.

"இங்க! இங்க தொட்டீங்க! இப்ப முழங்கைக்கிட்ட! இப்ப சுண்டு விரல்ல!" தொடுமுன்னே கத்திவிடுவாள் போலிருந்தது. கேட்காத இடத்துக்கும் பதில் சொன்னாள்.

டாக்டர் கட்டை அவிழ்த்தார். "பஞ்சு தொட்டதே தெரியுது. ஊசி குத்தேக்க ஏன் பேசாமல் நிண்டனீர்?"

"அந்தாளு முன்னாடி ஆ-ன்னு கத்துறதுக்கு நான் செத்துப்போலாம்ங்கய்யா."

"செத்ததுக்குச் சமமாத்தான் போயிருப்பீர். என்ர ஒரு கையெழுத்துத்தான் பாக்கி," என்றார் அவர், சிரிக்காமல். அவருக்கும் கோபம் வந்திருந்தது.

மூக்கிலிருந்து எடுத்ததைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாக இரண்டு நாள் தேடினார். அவர் தேடிய குஷ்டப் பூச்சி அதில் இல்லை. அப்புறம் இருட்டறையில் உட்காரவைத்து, சின்ன விளக்கு ஒன்றை அவள் வாய்க்குள் வைத்து வாயை மூடச் சொன்னார். எதிரே ஒரு முகக்கண்ணாடி. இடது கன்னம் சிவப்பாக ஒளிவிட்டது. வலது கன்னம் கரியாக இருண்டு கிடந்தது.

"கன்ன எலும்புக்குள்ள வெறும் அறை ஒண்டு இருக்கு. எல்லாருக்கும் இருக்கு," என்றார். "அதின்ர சுவர் எந்நேரமும் சளி சுரக்கும். தண்ணி மாதிரி ஓடிப் போயிடும். எங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆசிட் ஆவி பட்டுப் பட்டு உமக்கு அந்தச் சுவர் வீங்கிப் போச்சு. வீங்கினால் வாசல் அடைபடும். ஓட வழியில்லாத சளி உள்ளேயே நிண்டு தடிச்சு, மஞ்சளாகி, பச்சையாகி நாறும். உம்மட நோய் அவ்வளவுதான்."

மரத்துப்போக மருந்து தடவி, மூக்கு வழியாக ஓர் ஊசிக்குழாயை அந்த அறைக்குள் இறக்கினார். அந்த ஊசிக்கு அவள் கூரை பறக்கக் கத்தினாள்; இனி எந்த ஊசிக்கும் வாயை மூடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் உள்ளே போயிற்று. வெளியே தட்டில் வந்து விழுந்ததைப் பார்த்துத் தட்டைப் பிடித்திருந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரத்தில் நாலு தடவை அப்படிக் கழுவினார். எட்டாம் நாள் பவுனம்மாளுக்கு ஆஸ்பத்திரியின் பினாயில் வாசம் தெரிந்தது. அதைவிட நல்ல வாசத்தை அவள் முகர்ந்ததில்லை.

குஷ்டம் இல்லை, ஆசிட் வேலை கூடாது என்று துரைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அழைத்துப்போகத் தோட்டத்திலிருந்து லோரி வரவில்லை. பத்து மைலும் நடந்தாள்.

வெயில் சாயுமுன் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். துரை காகிதத்தைப் படித்தார், சரி என்று தலையாட்டினார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. நல்லம்மாள் வீட்டு வாசலுக்குப் போய், "இராஜம்மா!" என்று கூப்பிட்டாள்.

பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"வா கண்ணு. அம்மா வந்துட்டேன்ல."

"கிட்ட வராத. நீ தொட்டா என் வெரலெல்லாம் விழுந்துடுமாம்."

"யாரு சொன்னா?"

"டிரசர் ஐயா."

நல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பவுனம்மாள் மடியிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். துரைக்குக் காட்டியாயிற்று, கணக்கெழுதும் கிராணிக்கும் காட்டியாயிற்று. ஆறு வயசுப் பிள்ளைக்கு எதைப் படித்துக்காட்டுவது? உச்சந்தலை பற்றி எரிந்தது. நேரே மருந்துக் கொட்டகைக்குப் போனாள்.

"எந்திரிங்க. எம்புள்ளைகிட்ட வந்து சொல்லுங்க. நீங்க சொன்னதுதான அவ மனசுல நிக்குது, நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்க."

வரமாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. டாக்டர் காகிதத்தைத் துரையே படித்துவிட்டார். வந்தார். கூலிகள் குடியிருக்கும் லயத்துச் சனம் முழுக்கப் பின்னால் வந்தது. ஜெயராஜ் காற்சட்டை மடிப்பு கெடாமல் குனிந்து, "பாப்பா, உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. தொடலாம்," என்றார்.

இராஜம்மா கதவிடுக்கு வழியாக அவரை ஏற இறங்கப் பார்த்தது. அம்மாவின் மகள்தானே. "அப்ப நீங்க மொதல்ல தொடுங்க," என்றது.

ஜெயராஜ் கையை நீட்டினார். பாதியில் நின்றது. காகிதம் படித்த மனுஷன், மருந்து படித்த மனுஷன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு விரல் நுனியால் பவுனம்மாள் தோளைத் தொட்டார். தொட்ட விரல்களை உடனே காற்சட்டையில் துடைத்தார்.

பிள்ளை அதைப் பார்த்துவிட்டது. கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது.

கை ஓங்கினால் நாளைக் காலை தோட்டத்துக் கணக்கிலிருந்து தன் பேர் வெட்டப்படும், வேலை போகும் என்று பவுனம்மாளுக்குத் தெரியும். பிள்ளை கையில் இருந்தால் பேர் போகட்டும் என்று நினைத்தாள். ஜெயராஜ் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். சத்தம் லயத்துக் கடைசி வீடுவரை கேட்டது. விட்ட கையை எடுக்கவில்லை. அவர் கன்னத்திலேயே அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"பாருடி இராஜம்மா. முழுக் கையாலயும் தொட்டுட்டேன். இவன் மூஞ்சியில ஏதாச்சும் விழுதா பாரு. நல்லாப் பாரு!"

கதவு திறந்தது. பிள்ளை வெளியே வந்து அவர் கன்னத்தை அண்ணாந்து பார்த்தது. மூக்கைப் பார்த்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. பிறகு அது அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போலாம்மா, பசிக்குது," என்றது.