அவரைத் தூக்காத ஆறு மாதம்

கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் இடையே ஒரு முழத் தூரம்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன கணவரை, இரண்டு வருடமாக அவள் தினமும் நான்கு முறை அந்த ஒரு முழத்தைக் கடத்திக்கொண்டிருந்தாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, ஒரு சுற்று சுற்றி உட்கார வைப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பாதித் தூக்கலில், வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்றது. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. அவர் தொப்பென்று கீழே போனார்.

"தலையில பட்டுச்சா?"

"இல்ல. நீ முதல்ல உன் கையைப் பாரு."

பக்கத்து வீட்டு லாரி டிரைவர் வந்து தூக்கும்வரை இருவரும் தரையிலேயே இருந்தார்கள்.

அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. பதினான்கு வருடமாக இஸ்திரிப் பெட்டிதான். அங்கே எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. கை வலி ஐந்து மாதமாகவே இருந்தது. நடுவில் ஓர் ஊசி போட்டுக்கொண்டாள். ஆறு வாரம் வலி போன இடம் தெரியவில்லை. விட்டதையெல்லாம் சேர்த்து வேலை செய்தாள். அப்புறம் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது.

"ஆபரேஷன் பண்ணிடும்மா. ஒரே வெட்டு, தீர்ந்துச்சு," என்றார் கணவரின் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுவரைக்கும் அவனை எங்கயாவது ஹோம்ல விடலாம்ல?" என்றார்.

எலும்பு டாக்டர் வேறு மாதிரி சொன்னார். "தசைநார் நைஞ்சுபோயிருக்கு. முக்கால்வாசிப் பேருக்குக் கத்தி வேண்டியதில்ல. ஆறு மாசம் ஒழுங்காப் பயிற்சி பண்ணுங்க. சரியாகலன்னா அப்புறம் பார்ப்போம்."

ஆறு மாதம்! அவளிடம் ஆறு நாளே இல்லை.

பிசியோதெரபி பெண்ணுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. ஆனால் கறார். மேசை மேல் முன்கையை வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, அரைக் கிலோ எடையை இடது கையால் மேலே ஏற்றி, வலது கையால் ஐந்து எண்ணி மெதுவாக இறக்கச் சொன்னாள். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டையும் கட்டிவிட்டாள்.

"செய்யறப்ப லேசா வலிக்கலாம். மறுநாளும் அதிகமா வலிச்சா எடையைக் குறைச்சுக்கங்க. சரி, நாள் முழுக்க எதையெல்லாம் தூக்குறீங்க?"

"இஸ்திரிப் பெட்டி மட்டும்தான்." வாய் கூசாமல் சொன்னாள். உண்மை தெரிந்தால் இவளும் ஹோம் பேச்சை எடுப்பாளோ என்ற பயம்.

ஐந்து வாரம் போனது. அவர் சட்டைப் பித்தானைக்கூடப் போட்டுவிட முடியவில்லை.

"அக்கா, இஸ்திரிப் பெட்டி மட்டும் இப்படிப் பண்ணாது. வீட்ல என்ன தூக்குறீங்க?" என்று கேட்டாள் பிசியோதெரபி பெண்.

"என் வீட்டுக்காரரை," என்றாள்.

திட்டு விழும் என்று காத்திருந்தாள். "அவரையும் கூட்டிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள் அந்தப் பெண்.

வந்தபோது அவர் மடியில் வழுவழுப்பான ஒரு பலகையை வைத்தாள். ஒரு முனை தொடைக்கு அடியில், மறு முனை கட்டிலில். கைகளை ஊன்றி அவரே நகர்ந்துவிடலாம். அங்கே, ஆட்கள் சுற்றி நிற்க, செய்தார். வீட்டில் மறுத்துவிட்டார். நான்கு நாள் பலகை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. டிரைவர்தான் வந்து தூக்கினார்.

"நான் பாரமாயிட்டேன்னு நேராவே சொல்லிடேன்!"

"ஆமா, பாரம்தான். எழுபத்தெட்டுக் கிலோ. எனக்கு அந்தப் பிசியோ பொண்ணு கொடுத்தது அரைக் கிலோ!"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று பதறி எட்டிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே பலகையைக் கேட்டார். பாதி வழியில் அது நழுவியது. அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். அவள் கைகள் தாமாக நீண்டன. "தொடாத!" என்று கத்தினார். இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து, வியர்த்து, பல்லைக் கடித்து, அங்குலம் அங்குலமாகக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார்.

அதன் பிறகுதான் கை தேறியது. மூன்றாம் மாதம் பித்தான் போட்டாள். ஆறாம் மாதம் ஒன்றரைக் கிலோவை இறக்கினாள். எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, கத்திப் பேச்சே இனி வேண்டாம் என்றார். கனமான திரைச்சீலைகள் வரும் நாளில் மட்டும் இன்னும் கொஞ்சம் முணுமுணுக்கிறது.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. கட்டில் காலி. நாற்காலியும் இல்லை. குளியலறையிலும் இல்லை. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். திருப்பத்தில், சலூன் வாசலில், பாதி முடி வெட்டிய தலையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிட்டுப் போக மாட்டீங்களா? உயிரே போயிடுச்சு!"

"சொன்னா நீயும் கூட வருவ," என்றார். "காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா, பாத்துச் சொல்லு."