மூன்று செடியும் அறுபது மீனும்

1. காலையில் வந்த போன்

"பிள்ளை, உடன வாங்கோ. உங்கட மீன் எல்லாம் மல்லாந்து போய்க் கிடக்கு."

கிளிநொச்சியில் புதிதாகத் திறந்த கலியாண மண்டபத்தின் முதலாளி பேசினார். "உங்கட மீன்" என்ற சொல்லிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாளைக்கு முன் திறப்பு விழாவில், வந்த ஆட்களுக்கெல்லாம் "என்ட மீன்" என்று காட்டியவர் அவர்தான்.

மீன்தொட்டி வைத்துக் கொடுப்பது என் தொழில். இதற்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மண் கழுவவும் ஃபில்டர் பூட்டவும் யாரிடமும் படிக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு.

2. பத்தை

மண்டப வாசலுக்கு நாலடித் தொட்டி கேட்டிருந்தார். செடிகளைத் தர்மபுரத்தில் பாக்கியம் அக்காவிடம் எடுத்தேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டிகளில் தண்ணீர்ச் செடி வளர்த்து எனக்கும் வவுனியாக் கடைகளுக்கும் கொடுப்பா. பிழைப்பே அதுதான். "இதையும் வச்சுக்க தங்கச்சி" என்று எனக்கு எப்போதும் ஒரு கட்டுக் கூடத் தருவா.

புதுத் தொட்டி ஃபில்டரில் நல்ல பக்டீரியா பிடிக்க ஒரு மாதம் செல்லும். அதுவரை மீன் கழிவில் வரும் அமோனியா என்ற நஞ்சை இழுப்பது செடிதான். ஆகவே முதல் நாளே தொட்டித் தரையில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்ப வேண்டும், அதுவும் கெதியாய் வளரும் செடிகளால். பின்னால் உயரமான வலிஸ்னேரியா, இரண்டு பக்கமும் ஹைக்ரோபிலா, முன்னால் மட்டும் மீன் நீந்த வெளி. அப்படித்தான் நட்டேன்.

முதலாளி வந்து பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, பத்தைக்காடு? பாம்பு கிடந்தாலும் தெரியாது. வளவு மாதிரித் துப்புரவா இருக்கவேணும்."

எங்கள் ஆட்களுக்கு வீட்டைச் சுற்றிய வளவு விடியக் கூட்டி, ஒரு புல் இல்லாமல் வெறும் மணலாய்க் கிடக்க வேண்டும். பாம்புக்குப் பயந்த ஊருக்கு அது சரி. கண்ணாடித் தொட்டிக்குள் எந்தப் பாம்பு வரப்போகிறது?

"ஐயா, செடியைப் பிடுங்கினால் மீன் தாங்காது. பிடுங்கத்தான் வேணுமெண்டால் இப்போதைக்குப் பத்து மீன் விடுவம்."

"திறப்பு விழாவுக்குப் பத்து மீனோ? ஆக்கள் சிரிப்பினம். மூண்டு செடியே காணும், அதுக்கு மேல வேண்டாம். மீன் அறுபது விடுங்கோ."

இன்னும் இரண்டு தொட்டி தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆசையில் என் கையாலேயே பிடுங்கினேன். பிடுங்கியதை வாளியில் போட்டு அன்றே பாக்கியம் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். மூன்றே மூன்று செடிக்குள் கப்பியும் பிளாட்டியுமாக அறுபது மீனை விட்டேன்.

3. நஞ்சு

போன் வந்த காலை நான் போய்த் தண்ணீரைச் சோதித்தேன். டெஸ்ட் குழாய் கடும் பச்சையாய் நின்றது. அமோனியா. முதலாளி குழாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேலையாட்களுக்கு முன்னால் கத்தினார்.

"அந்தத் தர்மபுரத்துப் பொம்பிளை மருந்தடிச்ச செடியைக் குடுத்திட்டா. செடியிலதான் நஞ்சு."

வவுனியாவில் மீன் கடை வைத்திருக்கும் மச்சானுக்கும் அங்கேயே போன் போட்டு அதைச் சொன்னார். பச்சைக் குழாய் என் கையில்தான் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்றைக்கும் பெரியது.

4. வாளி

இரண்டு கிழமைக்குள் வவுனியாக் கடைகள் பாக்கியம் அக்காவிடம் செடி எடுப்பதை நிறுத்திவிட்டன. கேள்விப்பட்டுப் போனேன். அவா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு தொட்டியைக் காட்டினா.

"நீ திருப்பித் தந்த செடிதான் இது. பாரு, இதுக்குள்ளதான் நான் விட்ட கப்பி குட்டி போட்டிருக்கு. நஞ்சுன்னா இதுங்க உசுரோட இருக்குமா?"

அவா என் பக்கம் திரும்பினா.

"அந்த முதலாளி நஞ்சுன்னு சொன்னப்ப நீ அங்கதானே நின்ன தங்கச்சி?"

அந்தச் செடியையும் குட்டிகளையும் ஒரு வாளியில் வாங்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். கலியாண வீட்டார் சிலர் மண்டபம் பார்க்க வந்திருந்தார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று, அவர்களுக்கு முன்னாலேயே வாளியை முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"ஐயா, நஞ்சு செடியில இல்லை. நீங்கள் சொன்னீங்கள், நான் பிடுங்கினன், மீன் செத்தது. உங்கட மச்சானுக்கு எடுத்துச் சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ?"

"ஓம். நீங்கள் சொல்லும்வரைக்கும் இந்த விசர் இதிலதான் நிக்கும்."

வந்திருந்தவர்கள் வாளியை எட்டிப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்தார். அந்த இரண்டு தொட்டியும் பிறகு வேறு ஆளுக்குப் போயின. போகட்டும்.

செடியைக் குறைக்கச் சொன்னால் மீனையும் குறையுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பிழை உங்கள் கையால் நடந்திருந்தால், அந்த இடத்திலேயே, அந்த ஆட்களுக்கு முன்னாலேயே சொல்லுங்கள். இரண்டு கிழமை பிந்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

வவுனியாக் கடைகள் இப்போது திரும்பவும் செடி எடுக்கின்றன. பாக்கியம் அக்கா எனக்கும் தருகிறா, கேட்ட கட்டு அப்படியே. கூட ஒன்று இருக்காது.

"சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கங்க மேடம்" என்கிறா.