‘இடையிசை’ எஸ்தர் டீச்சர்

கடை வாசலில் உர மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது வில்லாபுரத்திலிருந்து போன் வந்தது. எஸ்தர் டீச்சரின் மகள். “மாமா, அம்மா போயிட்டாங்க” என்றாள்.  எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. போன வாரம்தான் புதிய இதழின் புரூஃபைத் திருத்தி என் கையில் கொடுத்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்ணே, சும்மா செக்கப்புத்தான்” என்று சொன்னார். பொய்க்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அப்படிப்பட்டவர் கடைசியாக என்னிடம் சொன்னது பொய். ஷட்டரை இறக்கிவிட்டு, சமயநல்லூர் ஸ்டாப்பில் நின்று, வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

சந்தாதாரர்களுக்கு டீச்சரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இந்த இதழை அவருடைய பள்ளிக்கூடத்து ஆட்களும் சபைக்காரர்களும் கையில் எடுப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நாங்கள் ஒரு ரசிகர் மன்றம். மதுரையில் மன்றத்துக்கா பஞ்சம்? ஆனால் எங்கள் மன்றம் நடிகருக்கும் இல்லை, பாடகருக்கும் இல்லை. சினிமாப் பாட்டுகளுக்குப் புல்லாங்குழல் வாசித்த ஒரு மனிதருக்கு. கேசட் உறையில் அவர் பெயர் வந்ததே கிடையாது. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் வந்துவிட்டுப் போகும் குழல் அவருடையது. டீச்சர் ஆசிரியராக இருந்து நடத்திய மன்றப் பத்திரிகைக்கு ‘இடையிசை’ என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து டீச்சர் வந்த பிறகு, அவர் வீட்டு மாடியில் கூடிப் பாட்டுப் போட்டுக் கேட்போம். அங்கே ஒரு சட்டம் உண்டு. பாடகர் பாடும்போது பேசலாம், டீ குடிக்கலாம், வடையைப் பங்கு போடலாம். குழல் வந்துவிட்டால் மூச்சு விடக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் நேர்மாறாக நடந்து டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திய குரல் அது. பாட்டு முடியும்வரை யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

பத்திரிகையில் எல்லோரும் முதலில் புரட்டுவது ‘யாருடைய மூச்சு?’ பக்கத்தைத்தான். எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை அல்லவா? அதனால் வாசிப்பதற்கு முன் குழல்காரர் இழுக்கும் மூச்சைக் கேட்டு நாங்களே தீர்ப்புச் சொல்வோம். எங்கள் ஆளின் மூச்சு குட்டையானது, லேசாக விக்கும். அது கேட்டால் பாட்டு நம்முடையது. இதற்காக அடித்துக்கொள்ளாத ஞாயிறு இல்லை. ஊரில் எங்களைப் பார்த்து, “மூச்சு எண்ணுற கூட்டம் போகுதுடா” என்பார்கள்.

இதையெல்லாம் அச்சடிப்பானேன், வாட்ஸப்பில் போட்டால் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “வாட்ஸப்ல போட்டா அழிச்சுட்டுப் போயிரலாம்ணே. அச்சுல போட்டா, தப்புக்கு ஒரு ஆளு முன்னாடி வந்து நிக்கணும்.” அன்றைக்கு இது அச்சுப் பைத்தியத்தின் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. எங்கள் குழல்காரர், தள்ளாத வயதில், ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்கு வந்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடி மாடிக்குக் கூட்டிவந்தோம். தலைவர் தனபாலன் அண்ணன் அன்று வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றார். தன் மனதுக்குப் பிடித்த பாட்டை ஓடவிட்டார். குழல் நம் ஆளுடையதுதான் என்று அண்ணனே கண்டுபிடித்து முதல் இதழின் முதல் பக்கத்தில் எழுதிய பாட்டு அது. மன்றத்துக்கு அதுதான் கொடி மாதிரி. அந்தக் குழலைக் கேட்டு அழாத ஆள் எங்களில் கிடையாது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். பெரியவர் கும்பிட்டார், ஆனால் தலை நிமிரவில்லை. அதை டீச்சர் மட்டும் பார்த்துவிட்டார்.

“ஐயா, இது நீங்க வாசிச்சதுதானே?”

பெரியவர் கும்பிட்ட கையை இறக்கினார். “எல்லாரும் இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க, நான் எதுக்குக் கெடுக்கணும்னு பாத்தேம்மா. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலா சின்னச்சாமின்னு ஒருத்தர் போனாரு. உங்க பக்கத்து ஊர்க்காரர்தான், எழுமலை. எங்கூடவே இருந்து பழகினவரு, அதான் மூச்சும் என்னை மாதிரியே இருக்கும். இப்ப அவர் இல்ல.”

பெரியவரை வழியனுப்பிவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போட்டோம். தனபாலன் அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. “நமக்குள்ளேயே இருக்கட்டும். செத்துப்போனவருக்கு என்ன தெரியப்போகுது?” என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் நிதானமாகச் சொன்னார்: “அவருக்குத் தெரியாதுண்ணே. அவர் வீட்ல இருக்கவங்களுக்குத் தெரியுமே. மொதல்ல அவங்களைப் போய்ப் பாப்போம்.”

அடுத்த சனிக்கிழமையே உசிலம்பட்டி போய், அங்கிருந்து எழுமலை பஸ் பிடித்தோம், டீச்சரும் நானும். சின்னச்சாமியின் மகள் பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றுவிட்டது.

“எங்கப்பா மெட்ராஸ்ல சினிமாப் பாட்டுக்கு ஊதுனாருன்னு சொன்னா டீக்கடையில சிரிப்பாய்ங்க. எங்க வீட்டுக்காரரு ஒருநா உசிலம்பட்டியில ஒருத்தர்கிட்ட ஒங்க புத்தகத்தை வாங்கியாந்து எம்முன்னாடி விரிச்சுப் போட்டாரு. ‘இந்தா, அந்தப் பாட்டுக்கு அச்சுலயே வேற ஆளு பேரு போட்டிருக்கு, ஒங்கப்பன் பேரு எங்கடி?’ன்னாரு. நானும் நம்பிட்டேன் டீச்சர். நேரா எங்கப்பாகிட்ட போயி, ஏம்ப்பா இம்புட்டு நாளா பொய் சொன்னேன்னு கேட்டுப்புட்டேன். அதுக்கப்புறம் சாகுற மட்டும் அந்த மனுசன் பாட்டுப் பேச்சே எடுக்கல.”

டீச்சர் அந்தக் கடலைத் தோலுக்கு நடுவிலேயே உட்கார்ந்தார். பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்கப்பா பொய் சொல்லலம்மா. எங்க புத்தகந்தான் பொய் சொல்லுச்சு” என்றார். எனக்குத் தெரிந்து டீச்சர் அழுதது அந்த ஒருநாள்தான்.  திரும்பி வந்து ஆரப்பாளையத்தில் இறங்கியதும் சொன்னார்: “தப்பை எந்தப் பக்கத்துல போட்டோமோ அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல திருத்தத்தையும் போடணும்ணே.”

தனபாலன் அண்ணன் வீட்டுக்கு டீச்சரே நேரில் போனார். “எழுதினது நீங்க. வருசா வருசம் மலர்ல திருப்பித் திருப்பிப் போட்டது நான். ரெண்டு பேர் பேரையும் போட்டு மன்னிப்புக் கேப்போம்” என்றார். அண்ணன் சம்மதிக்கவில்லை. “என் பேரு வந்தா நான் மன்றத்துலயே இருக்க மாட்டேன்” என்றார். டீச்சர் தன் பெயரை மட்டும் போட்டு முதல் பக்கத்தில் திருத்தத்தை வெளியிட்டார். அப்படியும் அண்ணன் விலகிவிட்டார். அவரோடு ஒரு கூட்டமே சந்தாவை நிறுத்தியது. மாடியில் பாய் காலியாகக் கிடந்த ஞாயிறுகள் உண்டு. “ஆள் போயிட்டா போகட்டும்ணே, அடுத்த பாட்டைப் போடுங்க” என்பார். அந்த இதழைப் பேச்சியம்மாள் கண்ணாடிச் சட்டம் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

நல்லடக்கத்துக்கு எழுமலையிலிருந்து பேச்சியம்மாளும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் டீச்சரை “மன்றத்தைத் தொடங்கிய எஸ்தர் டீச்சர்” என்றார்கள். வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸிலும் அப்படித்தான் இருந்தது. நம் ஆட்கள் அன்பில் போட்டதுதான். தனபாலன் அண்ணன் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே வண்டியில் சாய்ந்து நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதோடு பத்திரிகையை நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நிறுத்த மாட்டேன். புரூஃப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது, கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கற்றுக்கொள்வேன்.

இந்த இதழ் அச்சுக்குப் போகும் முன் தனபாலன் அண்ணனுக்குப் போன் போட்டேன். திருத்தம் வந்த நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

“அண்ணே, மன்றத்தை ஆரம்பிச்சது நீங்கன்னு போடப் போறேன்.”

“வேணாம் மாப்ள. டீச்சர் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும். போனவுகளுக்குக் கெடைக்கிற பேரைப் புடுங்கவா சொல்ற?”

“வேற ஒருத்தர் பேரைச் சொமந்துக்கிட்டு டீச்சர் நிம்மதியாத் தூங்குவாங்களாண்ணே?”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அப்பன்னா அந்தப் பாட்டைத் தப்பா எழுதினதும் நான்தான்னு சேத்துப் போட்ரு” என்றார்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு பிடிவாதம்தான். அவரை நேசித்தவர்களுக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனாலும் அவருக்கான அஞ்சலியிலேயே, முதல் பக்கத்தில் எழுதுகிறேன். இந்த மன்றத்தைத் தொடங்கியவர் எஸ்தர் டீச்சர் அல்லர். தொடங்கியவர் தனபாலன்.